கனவுப் பிடித்தம்

மழையை முன்கூட்டிச் சொல்லும் எந்திரத்துக்கு மின்சாரம் மட்டும் போதாது, மனிதர்களின் கனவும் வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகு நடந்த கதை இது. பயந்துவிடாதீர்கள், யாரும் யாருடைய மண்டையையும் திறக்கவில்லை. தூங்கும்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய பட்டை கொடுத்தார்கள், அவ்வளவுதான். கனவு காணும் மனசு ஒட்டாத ஆயிரம் விஷயங்களை ஒட்டவைத்துப் பார்க்கும். பள்ளிக்கூடத்து மணிக்குள் மீன் நீந்தும். என்றோ விற்ற ஆடு வந்து வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். கடலும் காற்றும் அடுத்து என்ன செய்யும் என்று கணிப்பதற்கு அந்தக் கிறுக்குத்தான் வேண்டியிருந்தது. அது எந்திரத்துக்கு வாய்க்கவில்லை. அதனால் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் கனவையே வரியாகக் கேட்டார்கள்.

குறை சொல்லவும் முடியாது. பட்டை வந்து பன்னிரண்டு வருடத்தில் தூத்துக்குடிக் கரையிலிருந்து போன ஒரு படகுகூடப் புயலில் சிக்கவில்லை. காலையில் கண் விழித்தால் உள்ளே கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். அது ஒரு நஷ்டமா என்று ஜனங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

பொன்மாரிக்கு அது நஷ்டமாகத்தான் பட்டது.

அவள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கணிதம் படித்தாள். மூன்றாம் வருடம். ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி. முதல் வருடத்திலிருந்தே சில மாலை வேளைகளில் ஒரு பேக்கரியில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பன்னும் கேக்கும் கட்டிக் கொடுத்தாள். சம்பளம் என்று ஒன்று வந்ததும் பட்டையும் வந்தது, பிடித்தமும் வந்தது. அந்த வருடம் ஆவணியில்தான் அவள் அப்பா சுடலைமுத்து பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. செத்துப்போனவர் ஒரு வருடத்துக்குள் வேண்டியவர்கள் கனவில் வருவார். வந்து ஏதாவது கேட்பார். கேட்டதைச் செய்துவிட வேண்டும். சுடலைமுத்து அவருடைய தங்கை கனவில் வந்து சுக்குக் காப்பி கேட்டார். அண்ணன் கனவில் வந்து, மாட்டை ஏன் வெயிலில் கட்டியிருக்கிறாய் என்று ஏசினார். அவர்களுக்கெல்லாம் சம்பளமும் கிடையாது, பட்டையும் கிடையாது. பொன்மாரியின் அம்மா சண்முகக்கனியிடமும் வந்தாராம். பதினாறாம் நாள் விசேஷத்தன்று பெரியப்பா, "பொட்டப்புள்ள படிச்சது போதும், அம்மைக்குத் துணையா உப்புக்குப் போகட்டும்" என்று எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னபோது, சண்முகக்கனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "நேத்து அவிய கனவுல வந்தாவ. அவளக் காலேஜுக்கு அனுப்பிவைன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ."

செத்தவர் கேட்டதை யார் மறுக்க முடியும்? பொன்மாரி திரும்பவும் பஸ் ஏறினாள்.

ஆனால் அவளிடம் மட்டும் அப்பா வரவே இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை கேட்பாள்: "உங்கிட்ட வந்தாவளாட்டி?" இல்லை என்று சொன்னால் அத்தை குனிந்துகொள்வாள். வெற்றிலையை மடிப்பாள். அந்த மடிப்பில் எல்லாம் இருக்கும். சாகிற அன்று காலையில் அப்பா போன் செய்திருந்தார். வகுப்பில் இருக்கிறேன் என்று பொன்மாரி துண்டித்துவிட்டாள். அது அத்தைக்குத் தெரியாது. பொன்மாரிக்குத் தெரியுமே.

இப்படி மூன்று வருடம் ஓடப்போகிற சமயத்தில் ஒருநாள் மத்தியானம், அறைத்தோழி பர்வீன் சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வந்தாள்.

"ஏட்டி, நீ முத வருசம் கனவுக்குப் படிவம் போட்டியா?"

"ஸ்டூடன்ட்ஸ்லாம் போட வேண்டாம்னுல்லா சொன்னாங்க."

"போட வேண்டாம்தான். வருசத்துக்கு நூத்தியெம்பது நாளுக்குக் கொறச்சு வேலை பாத்தவங்க போடணும்னு கட்டாயமே இல்ல. ஆனா நமக்குப் பிடிச்சதே தப்புட்டி. நாம வரிக்குள்ளயே வர மாட்டோம். படிவம் போட்டுக் கேட்டா, பிடிச்ச கனவ அப்படியே திருப்பித் தருவாங்களாம். இன்னைக்கு லா டிப்பார்ட்மென்ட் மேடம் வந்து சொன்னாங்க."

பொன்மாரியின் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது. "அப்படியேன்னா?"

"அப்படியே. எந்தத் தூக்கத்துல எது வந்துச்சோ அது. ஒவ்வொரு கனவும் ஒரு தடவ வரும். பாத்ததும் தீந்துபோகும். ஆனா மூணு வருசத்துக்குள்ள கேக்கணும். கேக்காட்டிப் பொதுவுல சேத்துருவாங்களாம். முத வருசத்துக்கு வெள்ளிக்கிழமதான் கடைசி."

அன்று புதன்கிழமை.

அப்படியானால் அப்பா வந்திருக்கலாம். வந்து, பட்டையில் மாட்டிக்கொண்டு, எங்கோ ஒரு சேமிப்பில் மூன்று வருடமாக அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். பொன்மாரி கையைக் கழுவினாளா என்பதுகூட நினைவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

விடுதிப் பெண்கள் எதற்கானாலும் ஜெபமணி அண்ணாச்சி கடைக்குத்தான் போவார்கள். ஜெராக்ஸ், சாதிச் சான்று, உதவித்தொகை, தேர்வுக் கட்டணம் எல்லாம் அங்கேதான். மேலே வீடு, கீழே கடை. அறுபது தாண்டிய மனிதர். தலை முழுக்க வெள்ளை. படிவத்தைக் கொடுத்தால், 'நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா தாயி, நான் பாத்துக்கிடுதேன்' என்பார். வரும்போது வேலை முடிந்திருக்கும்.

பொன்மாரி மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கணினியில் அவள் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"உனக்குத்தான் போட்டாச்சே."

"நான் போடலையே அண்ணாச்சி."

"நான் போட்டேன்லா. உங்க முத வருசம் முடியும்போது, ஸ்காலர்ஷிப் புதுப்பிக்க மொத்த விடுதியும் வந்திய. அப்பவே பாத்தேன், சாயங்கால வேலைக்குப் போன எல்லாருக்கும் பிடிச்சு வச்சிருக்கான். சின்னஞ்சிறுசுங்க கனவ விட்டுர முடியுமா? நாப்பத்திமூணு பேருக்கும் சேத்தே போட்டுட்டேன். அடுத்த வருசத்துக்கும் போட்டேன், காசுகூட வாங்கல. உங்க லீடர் பிள்ளைட்டச் சொல்லிவிட்டனே!"

லீடர் பிள்ளை சொல்லவில்லை. அவள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள்.

"அப்ப எனக்கு ஏன் வரல?"

"வராம இருக்காதே. 'திருப்பம் முடிந்தது'ன்னு, அதாவது திருப்பிக் குடுத்தாச்சுன்னு போட்டிருக்கான் பாரு. எந்தப் பட்டைக்குப் போச்சுன்னு..." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் மேஜை இழுப்பறையைத் திறந்து, அங்கே சுருட்டி வைத்திருந்த தன் பட்டையை எடுத்துப் பின்பக்க எண்ணைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.



நடந்தது இதுதான். விடுதிப் பெண்களுக்கு அப்போது சொந்தப் பட்டை கிடையாது. வார்டன் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருப்பார், பருவத்துக்குப் பருவம் மாறும். எண் கேட்கிற கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. போன் இல்லாதவர்களுக்குத் தன் போன் நம்பரையும், ஈமெயில் இல்லாதவர்களுக்குத் தன் ஈமெயிலையும் இருபது வருடமாகப் போட்டுப் பழகிய கை அது. பட்டை எண்ணையும் அப்படியே போட்டுவிட்டது.

"என் நம்பரு," என்றார் ஜெபமணி. "தாயி, என் நம்பரல்லா போட்டிருக்கேன்."

"அப்ப எங்க கனவெல்லாம்?"

"எனக்குல்லா வந்திருக்கு."

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து அவர் மனைவி எஸ்தர் ஒரு கிண்ணத்தில் முறுக்கோடு இறங்கி வந்தார். இவர்கள் இருவர் முகத்தையும் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

"எஸ்தரு, நான் தூக்கத்துல ஏதோ பெனாத்துதேன்னு சொல்லுவியே, அது எப்பருந்து?"

"அது ஆகும், ரெண்டு வருசம். துப்பட்டாவ எங்கட்டீ வச்சன்னு தேடுவிய. ஹால் டிக்கெட்டக் காணும்னு அழுதிய ஒரு தடவ. நான் பாஸ்டர்ட்டச் சொல்லி ஜெபம்கூடப் பண்ணச் சொன்னேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. அது இந்தப் பிள்ளைய துப்பட்டா."

பொன்மாரிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அதோடு கோபமும் முட்டியது. "எங்க அப்பா செத்த வருசம் அண்ணாச்சி அது. எல்லார்கிட்டயும் வந்தாவ. எங்கிட்ட வந்தாவளான்னு தெரிஞ்சுக்கிடத்தான் ஓடி வந்தேன். நீங்க பாத்து முடிச்சுட்டிய."

ஜெபமணி எழுந்தார். வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். தான் நின்றுகொண்டார்.

"நான் திருடல தாயி. ஆனா எங்கிட்ட இருந்திருக்கு. கேஸு போடணும்னாப் போடு, நானே எழுதித் தாறேன். அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கேன். உங்க அப்பாவுக்குக் காது கேக்காதா?"

பொன்மாரி நிமிர்ந்தாள்.

"இடது காது," என்றாள். "லாரி டயர் வெடிச்சதுல போச்சு."

"கைய இப்படிக் காதுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, தலையச் சாய்ச்சு..."

அவர் செய்து காட்டினார். அப்பாதான். அந்தச் சாய்வு அப்பாவினுடையதுதான்.

"சொல்லுதேன் கேளு. நாப்பத்திமூணு பிள்ளைய கனவும் எனக்கு வந்திருக்கு. இப்பத்தான் வெளங்குது. ஆனா ஒரு கனவுலயும் யாரும் என்னை ஆளு மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கல. எல்லாரும் என்னை 'ஏட்டி'ன்னுதான் கூப்பிட்டாவ. டீச்சர் திட்டுவாவ, கூட்டுக்காரி சடை பின்னிவிடுவா. எனக்கும் அதுல ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல, கனவுல்லா. ஒரே ஒரு மனுசர் மட்டும் அப்படி இல்ல. ஒரு பஸ் ஸ்டாண்டு. ரோடு இருக்க வேண்டிய எடத்துல கடலு. அலையே இல்ல, பால் ஆடை மாதிரிக் கெடக்கு. பஸ்ஸெல்லாம் அதுமேல சத்தமில்லாம வருது, நிக்காமப் போவுது. பெஞ்சில அவிய இருந்தாவ, காலெல்லாம் உப்புப் பூத்துப்போயி. நான் போனதும் சிரிச்சுக்கிட்டே நிமிந்தாவ. என் மொகத்தப் பாத்ததும் அந்தச் சிரிப்பு நின்னுபோச்சு. 'நீங்க யாரு அண்ணாச்சி? எம்மவ எங்க?'ன்னு கேட்டாவ."

பொன்மாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. ஆனா கனவுல வாயில ஏதோ ஒரு பதில் வந்துருமே. 'பரீட்சை நடக்கு, உள்ள எழுதிட்டிருக்கா, வருவா இரிங்க'ன்னேன். அவியளுக்குக் கேக்கல. கையக் காதுல வச்சாவ. நான் கத்துனேன்."

"ஆமா," என்றார் எஸ்தர் படியிலிருந்து. "பரீட்சை நடக்கு, இரிங்கன்னு இவிய போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாயி கொலச்சுது. நான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சரின்னு உக்காந்துட்டாவ. எனக்கும் கொஞ்சம் எடம் விட்டாவ. நானும் உக்காந்தேன். ரெண்டு பேரும் கடலப் பாத்துக்கிட்டிருந்தோம். அவிய கோவமா ஒண்ணும் இல்ல தாயி. காத்திருக்க ஆளு மாதிரித்தான் இருந்தாவ. ஏழெட்டுத் தடவ வந்தாவ. ஒவ்வொரு தடவயும் என்னைப் பாத்து, 'இன்னும் முடியலியா?'ன்னு கேப்பாவ. நான் முடியலன்னு கத்துவேன்."

மூன்று வருடமாகக் கல் மாதிரிக் கிடந்த ஏதோ ஒன்று பொன்மாரியின் நெஞ்சில் இளகியது. அவள் சத்தமில்லாமல் அழுதாள். எஸ்தர் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து அவள் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு ஜெபமணி மறுபடி திரைக்குத் திரும்பினார். "அது போச்சு. பாத்த கனவத் திருப்பித் தர யாராலயும் முடியாது. ஆனா வேற ஒண்ணு பாக்கியிருக்கு. கல்விச் சலுகைன்னு பேரு. டிகிரி முடிக்கப்போற பிள்ளைக்கு நாப்பது தூக்கம், பிடித்தமே கெடையாது. முழுசா உனக்கே உனக்கு. இத நான் போட்டுத் தாறேன், இந்தத் தடவ உன் நம்பருக்கு. நீ அந்த பெஞ்சில போயி உக்காரலாம்."

"வருவாவளா?"

"எனக்கே வந்தாவ. உனக்கு வராமலா?"

அவர் படிவத்தைத் திறந்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு கேள்வி நின்றது. சலுகை யாருக்கு: படிப்பவருக்கா, படிக்கவைப்பவருக்கா?

"இதென்ன அண்ணாச்சி?"

"ஒருத்தர்தான் கேக்கலாம். படிக்கிறவளோ, படிக்கவைக்கிறவளோ. ரெண்டு பேரும் கேட்டா ரெண்டுமே தள்ளுபடி. உங்க அம்மா விவரம் கீழ வரும், அதப் பாத்துட்டு நீ உன் பேர்ல டிக் போட்டா முடிஞ்சுது."

சண்முகக்கனியின் விவரம் வந்தது. உப்பளத் தொழிலாளி. ஆண்டுக்கு இருநூற்று நாற்பது நாள் வேலை. பிடித்தம்: முழுமை. திருப்பம்: இல்லை. பன்னிரண்டு வரிகள் அதே மாதிரி.

"முழுமைன்னா?"

"நூத்தியெம்பது நாளுக்கு மேல வேலை பாத்தா ஒரு கனவும் மிஞ்சாது தாயி. ஆடிட்டர் வச்சிருக்கவன்லாம் அதக் கழிச்சு இதக் கழிச்சு வாங்கிருவான், மத்தியானம்கூடக் கனவு காங்கான். உப்பளத்துக்காரி எங்க போயிக் கேப்பா? பட்டை கட்டுன நாளுல இருந்து உங்க அம்மாவுக்கு ஒரு கனவுகூட வந்திருக்காது."

பொன்மாரி அந்தப் பன்னிரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பா இறந்த வருடத்துக்கு நேரேயும் அதேதான். திருப்பம்: இல்லை.

அப்படியென்றால் பதினாறாம் நாள் அம்மாவின் கனவில் யாரும் வரவில்லை. கூட்டத்தின் நடுவில், பெரியப்பாவின் கண்ணைப் பார்த்து, புருஷனை இழந்த பதினாறே நாளில் அம்மா ஒரு கனவை இட்டுக்கட்டியிருக்கிறாள். பொன்மாரி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அந்தப் பொய்யின் மேல்தான்.

நாற்பது தூக்கம். அந்தப் பெஞ்ச், அந்தப் பால் ஆடைக் கடல், இடம் விட்டு நகர்ந்து உட்காரும் அப்பா. போனைத் துண்டித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அவள் விரல் தன் பெயரின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நகர்ந்து அடுத்த கட்டத்தைத் தொட்டது.

ஜெபமணி அடுத்த பொத்தானை அழுத்தினார். "ஓ.டி.பி. உங்க அம்மா போனுக்குப் போகும்," என்று மட்டும் சொன்னார்.

பொன்மாரி கூப்பிட்டாள். உப்பளத்து வேலை விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். அம்மா வீட்டில்தான் இருந்தாள்.

"எம்மா, போனுக்கு ஆறு நம்பர் வரும். அதச் சொல்லு."

"யாருக்கும் சொல்லாதன்னு இதுலயே எழுதியிருக்கே."

"எனக்குச் சொல்லலாம்மா."

"நீ எம்மவதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? போன வாரம் பேங்க்ல இருந்து பேசுதேன்னு ஒருத்தி உன் கொரல்லயே பேசுனா."

"எம்மா, சின்னதுல உப்புப் பாத்தியில முட்டியத் தேய்ச்சுக்கிட்டு ஊரக் கூட்டுனது யாரு?"

"அது நீதான் மூதி," என்று சிரித்து அம்மா எண்களைச் சொன்னாள். "எதுக்குட்டி இது?"

"சும்மா, காலேஜ் விசயம். நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து, பட்டையக் கட்டிக்கிட்டு நல்லாத் தூங்கு. வேற ஒண்ணும் கேக்காத."

கனவு என்றோ, சலுகை என்றோ, ஜெபமணி என்றோ அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அந்தப் பழைய பொய்யைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அம்மாவை அதற்குள் இழுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. அம்மாவின் குரல், ரொம்ப நாள் கட்டிக்கிடந்த சேலையை உதறின மாதிரிக் கசங்கியும் லேசாகவும் இருந்தது.

"ஏட்டி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஏசக்கூடாது."

"சொல்லும்மா."

"அன்னைக்குப் பதினாறு அன்னைக்கு, அப்பா கனவுல வந்தாவன்னு சொன்னம்லா? அது பொய். எனக்குக் கனவே கெடையாது, உனக்குத் தெரியாது. உங்க பெரியப்பன் வாய அடைக்க வேற வழி தெரியல. செத்தவிய பேர்ல பொய் சொல்லிட்டமேன்னு இத்தன நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"சரிம்மா. அதனால என்ன."

"இரு, முடிக்கல. இன்னைக்கு மத்தியானம் வந்தாவட்டி. நெசமா. நீ நம்ப மாட்ட, ஒரு தடவ பொய் சொன்னவதான நான். ஆனா வந்தாவ. என் பக்கத்துல கட்டில்ல உக்காந்தாவ. எனக்கு அழுகைன்னா அழுகை. அவிய என்னைப் பத்தி ஒரு வார்த்த கேக்கல, பாத்துக்கோ. உன்னத்தான் கேட்டாவ. பரீட்சை முடிஞ்சிட்டான்னு கேட்டாவ."

பொன்மாரி சுவரில் சாய்ந்தாள்.

"என்ன பரீட்சைன்னேன். யாரோ வெள்ளத் தலை அண்ணாச்சியாம்ட்டி, பஸ் ஸ்டாண்டுல கூடவே உக்காந்திருந்தாராம். நீ பரீட்சை எழுதுதன்னு அவர்தான் சொன்னாராம். நல்ல மனுசராம். ஆனா பேசுனா ஊருக்கே கேக்குற மாதிரிக் கத்துவாராம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. யாருட்டி அது?"

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. இன்றைக்கு மழை இல்லை என்று எந்திரம் சொல்லியிருந்தது.

"எம்மா, நாளைக்கும் தூங்குவல்லா?"

"தூங்காம?"

"வந்தா, இன்னும் ரெண்டு பேப்பர் இருக்குன்னு சொல்லு. அன்னைக்குப் போன வச்சதுக்குக் கோச்சுக்கிட வேண்டாம்னு சொல்லு. முடிச்சுட்டு ஊருக்கு வந்துருவேன்னு சொல்லு."

"சரி," என்றாள் சண்முகக்கனி. "எடது காதுப் பக்கம் உக்காந்தா, கத்தித்தான் சொல்லணும்."